போயா திடீரென்று வருவதில்லை

எமது நாட்டில் கடையென்று ஒன்று இருந்தால் அதன் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும். அந்தக் கலண்டரில் ஒவ்வொரு மாதமும் ஒரு திகதியில் சிறியதாக ஒரு முழுநிலா அச்சிடப்பட்டிருக்கும். அதுதான் போயா தினம். வருடம் பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்துவிடுகின்ற விடுமுறை அது. வெள்ளத்தைப் போலவோ ஊரடங்கைப் போலவோ திடீரென்று வந்து விழுவதல்ல. ஆனாலும் மாதத்துக்கு மாதம் அது எதிர்பாராமல் வந்ததைப் போலத்தான் நம்மில் பலர் நடந்துகொள்கின்றோம். அதனால் கூடுதலாகக் கஷ்டப்படுபவர் வழிப்பயணி. அடுத்தபடியாகக் கஷ்டப்படுபவர், அந்தப் பயணியை நம்பிப் பிழைக்கின்ற வியாபாரி.

கிழக்கிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் புறக்கோட்டையில் வந்திறங்குகின்ற சில்லறை வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழுதுவிட்டு ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டு வீதிக்கு வந்து பார்த்தால் மொத்தக் கடைகளின் கதவுகள் பலவும் இழுத்து மூடப்பட்டிருக்கின்றன. நடைபாதை வியாபாரிகள் சிலர் மாத்திரம் பாய் விரித்திருக்கிறார்கள். "இன்றைக்குப் போயா நாநா, தெரியாதா?" என்று நாட்டாமை கேட்பார். வந்த செலவு, தங்குகின்ற செலவு, ஊரில் பூட்டிக் கிடக்கும் கடையின் நட்டம் எல்லாம் ஒரு நாளில் சேர்ந்துவிடும்.

கடவுச்சீட்டுக்காகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தூர ஊரிலிருந்து பத்தரமுல்லைக்கு வருகின்ற தாயை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் காரியாலயம் மூடியிருக்கும். அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் நாளை எண்ணி வந்தவருக்கும் இதே கதிதான். வெளிநாட்டிலிருந்து வந்து கடற்கரையோர கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கும் தம்பதியினருக்கோ, காலையில் வங்கி ஏன் திறக்கவில்லை, மாலையில் மதுக்கூடம் ஏன் பூட்டியிருக்கிறது என்று எதுவுமே விளங்குவதில்லை. விளக்கிச் சொல்ல வேண்டியவர் முந்திய நாள் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒரேயொரு விடயம்தான். போயா தினம் பயணிக்கு இடைஞ்சல் செய்வதில்லை. முன்கூட்டியே சொல்லப்படாத போயா தினம்தான் இடைஞ்சல் செய்கின்றது. சொல்கின்ற பொறுப்பு வியாபாரியிடம் இருக்கின்றது. அந்தப் பொறுப்பில் அவனுக்கு இலாபமும் இருக்கின்றது.

விடுமுறை வந்த வரலாறு

முதலில் சிறிது வரலாற்றைத் தெரிந்துகொள்வோம். ஆங்கிலேயர் ஆட்சியில் பௌத்தர்களுக்கு வெசாக் தினத்தில்கூட விடுமுறை இருக்கவில்லை. கேணல் ஒல்கொட் உட்பட அக்காலப் பௌத்த தலைவர்களின் முயற்சியின் பயனாக 1885 ஆம் ஆண்டில்தான் வெசாக் பொது விடுமுறையாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பின்னர் ஒரு பெரிய பரீட்சார்த்தமும் நடந்தது. டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் 1966 ஆம் ஆண்டிலிருந்து சனி, ஞாயிறு வார விடுமுறையையே எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சந்திரனின் நான்கு கட்டங்களையும் ஒட்டி வருகின்ற போயா நாட்களும் அவற்றுக்கு முந்திய நாட்களும் வார விடுமுறையாக்கப்பட்டன. அந்தக் காலத்தில் வியாபாரம் செய்த மூத்தவர்களுக்கு அது நன்றாக ஞாபகமிருக்கும். இந்த வாரம் விடுமுறை செவ்வாய்க்கிழமை, அடுத்த வாரம் புதன்கிழமை என்று நகர்ந்துகொண்டே போகும். வெளிநாட்டு வங்கிகளும் கப்பல் கம்பனிகளும் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்க நாம் திறந்திருப்போம். அவர்கள் திறந்திருக்கும் நாளில் நாம் மூடியிருப்போம். ஏற்றுமதி இறக்குமதிக்காரருக்குத் தலைவலிதான். 1971 ஆம் ஆண்டில் பழைய சனி, ஞாயிறு முறை திரும்பி வந்தது. அவ்வாண்டின் 29 ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தின்படி மாதத்தின் பௌர்ணமி தினம் மாத்திரம் விடுமுறையாக நின்றது. இன்றும் அதுவே நடைமுறையில் உள்ளது.

ஆகவே வருடத்துக்குப் பன்னிரண்டு போயாக்கள். சில வருடங்களில் பதின்மூன்று. 2023 ஆம் ஆண்டில் அதி எசல என்று ஒன்று கூடுதலாக வந்து பதின்மூன்று போயாக்கள் இருந்தன. வெசாக்குக்கு மட்டும் போயா தினமும் அதற்கு அடுத்த நாளும் சேர்ந்து இரண்டு நாட்கள் விடுமுறை.

போயா தினத்தில் அரசாங்கக் காரியாலயங்களும் வங்கிகளும் இயங்காது. மதுபானசாலைகள் மூடப்படும். ஹோட்டல்களின் மதுக்கூடங்களும் அவ்வாறே. இறைச்சிக் கடைகள் மூடப்படும். சுப்பர் மார்க்கட்டுகளில் இறைச்சி வைக்கும் பகுதியை மறைத்துவிடுவார்கள். ஆனால் பஸ் ஓடும், புகையிரதம் ஓடும், பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும். நாடே மூடிக் கிடப்பதாக ஒரு பயணி நினைத்தால் அது தவறு. நாடே வீதிக்கு வந்திருக்கின்றது என்பதுதான் உண்மை.

பிறையைத் தெரிந்தவனுக்குப் போயா தெரியும்

போயா எப்போது வரும் என்று கண்டுபிடிக்க நமக்குக் கலண்டர்கூடத் தேவையில்லை. நமது மாதமும் சந்திரனை வைத்து எண்ணப்படுவதுதான். பிறை 13, 14, 15 ஆகிய மூன்று நாட்களுக்குள் போயா வந்துவிடும். ஐயாமுல் பீழ் நோன்பு பிடிக்கின்றவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டாலே போதும். நோன்பு மாதத்தில் போயா எப்போது வரும்? நடு நோன்பில் வரும். ஹஜ்ஜுப் பெருநாள் மாதத்தில்? பெருநாள் கழிந்து மூன்று, நான்கு நாட்களில் வரும். 2024 ஆம் ஆண்டில் ஜூன் 17 ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள், 21 ஆம் திகதி பொசன் போயா. 2025 ஆம் ஆண்டில் ஜூன் 7 ஆம் திகதி பெருநாள், 10 ஆம் திகதி பொசன் போயா.

பெருநாளைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகின்ற நம்மவர்களும், பொசனுக்கு அநுராதபுரம் போகின்ற பௌத்த மக்களும் ஒரே வாரத்தில் வீதியில் இருப்பார்கள் என்பது இதன் அர்த்தம். பஸ்ஸில் ஆசனம் கிடைக்கவில்லை என்று அந்த நேரத்தில் முறைப்பாடு செய்வதில் பயனில்லை.

இன்னொரு கணக்கையும் வியாபாரிகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மீலாதுன் நபி விடுமுறை றபீஉனில் அவ்வல் பிறை 12 இல் வருகின்றது. அதற்கு அடுத்த நாளோ அதையொட்டியோ போயா வரும். இரண்டும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்தான். 2023 ஆம் ஆண்டில் செப்டெம்பர் 28 வியாழக்கிழமை மீலாத், 29 வெள்ளிக்கிழமை பினர போயா, பிறகு சனி, ஞாயிறு. 2024 ஆம் ஆண்டில் செப்டெம்பர் 14, 15 சனி, ஞாயிறு, 16 திங்கட்கிழமை மீலாத், 17 செவ்வாய்க்கிழமை பினர போயா. இரண்டு வருடங்களிலும் தொடர்ச்சியாக நான்கு நாட்கள். 2024 ஆம் ஆண்டின் வெசாக்கும் இப்படித்தான். மே 23 வியாழன், 24 வெள்ளி, பிறகு சனி, ஞாயிறு. 2023 டிசம்பரில் 25 ஆம் திகதி நத்தார், 26 ஆம் திகதி உந்துவப் போயா.

நான்கு நாட்கள் விடுமுறை என்றால் காசோலைக் கணக்கும் மாறும். வங்கி வேலை செய்யாத நாளில் காசோலைத் தீர்வு நடைபெறாது. வெள்ளிக்கிழமை போட்ட காசோலை சாதாரணமாகத் திங்கட்கிழமை பணமாகும். திங்கட்கிழமை போயா என்றால் செவ்வாய்க்கிழமைதான். மீலாதும் போயாவும் சேர்ந்த வாரமென்றால் புதன்கிழமை. அதை நம்பிப் பயணம் போகின்றவர் வழியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இப்போது கைத்தொலைபேசியில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு விடுமுறை நாளிலும் உடனடியாகப் பணம் அனுப்ப முடியும். அந்த வசதியை இன்னும் பழகாத வியாபாரிகள் பழகிக்கொள்வது நல்லது. அதேவேளை, நீண்ட விடுமுறையில் யாத்திரைத் தலங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ.டி.எம். இயந்திரங்களில் காசு முடிந்துபோவது சகஜம். பயணம் போகின்றவர் முதல் நாளே கையில் காசு எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பயணியை ஏற்றிச் செல்கின்ற வான் சாரதி இதை அவரிடம் சொல்ல வேண்டும்.

எந்தப் போயா எந்த வீதியை நிரப்பும்?

பன்னிரண்டு போயாக்களும் ஒரே மாதிரியானவையல்ல. ஒவ்வொன்றும் மக்களை ஒவ்வொரு திசைக்கு இழுக்கின்றது. இதைத் தெரிந்துகொண்டால் எங்கே நெரிசல், எங்கே வியாபாரம் என்பது விளங்கும்.

ஜனவரியில் துருத்து. களனி விகாரையின் பெரஹரா அதையொட்டி நடைபெறும். பெப்ரவரியில் நவம். கொழும்பு கங்காராமய விகாரையின் பெரஹரா 1979 ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்று வருகின்றது. அந்த நாட்களில் மாலை நேரத்தில் பேரே வாவியைச் சுற்றியுள்ள வீதிகள் மூடப்படும். கொம்பனித்தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும், ஆனால் அவர்களிடம் சரக்கு எடுக்க வருகின்ற வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

மே மாதத்தில் வெசாக். தோரணமும் வெசாக் கூடுகளும் பார்ப்பதற்காக இரவில் குடும்பம் குடும்பமாக மக்கள் நகரங்களுக்கு வருவார்கள். அந்த இரவுகளில் கொழும்பு வீதிகளில் வாகனம் ஊர்ந்துதான் போகும். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போக வேண்டியவர்கள் வழக்கத்தைவிட இரண்டு மணித்தியாலம் முன்கூட்டியே புறப்பட வேண்டும். தென்மேல் பருவ மழையும் அநேகமாக இந்தக் காலத்தில்தான் தொடங்கும்.

ஜூனில் பொசன். மிஹிந்தலையில் மகிந்த தேரர் பௌத்தத்தைப் போதித்த நாளாக அது நினைவுகூரப்படுகின்றது. கொழும்பிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தொலைவில் உள்ள அநுராதபுரத்தை நோக்கி விசேட பஸ்களும் புகையிரதங்களும் ஓடும். புத்தளம், குருநாகல், தம்புள்ளை வழியாக வருகின்ற எல்லா வீதிகளும் நிரம்பும். மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் போகின்ற நம்மவர்களின் லொறிகளும் அதே வீதிகளைத்தான் பாவிக்கின்றன. பொசன் வாரத்தில் சரக்கு இரண்டு நாள் முந்தியோ இரண்டு நாள் பிந்தியோ போவதாக ஒழுங்கு செய்துகொண்டால் டீசலும் மிச்சம், சாரதியின் பொறுமையும் மிச்சம்.

எசல மாதத்தில் கதிர்காமம். ஆகஸ்டில் கண்டி பெரஹரா நிக்கினி போயாவோடு நிறைவடையும். அந்த நாட்களில் கண்டியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. டிசம்பரில் உந்துவப் போயாவோடு பாவாதம் மலைப் பருவகாலம் தொடங்கி வெசாக் போயா வரைக்கும் நீடிக்கும். அந்த ஆறு மாதங்களில் வருகின்ற ஒவ்வொரு போயாவும் ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வீதியில் கடை வைத்திருப்பவர்களுக்குப் பெருநாளைப் போன்றது. கம்பளி, தொப்பி, டோர்ச் லைட், பெட்டரி, பிஸ்கட், தேநீர் எல்லாமே போகும்.

விடுமுறை நாளில் பயணம் எவ்வளவு பெருகும் என்பதற்கு நாம் மறக்க முடியாத ஒரு சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, உந்துவப் போயா தினமாகும். நத்தாருக்கு அடுத்த நாளும்கூட. கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போய்க்கொண்டிருந்த புகையிரதம் தெல்வத்தைக்கு அருகில் பெரலியவில் அலையில் சிக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடல் பொங்குவதை யாராலும் கலண்டரில் குறித்துவைக்க முடியாது. ஆனால் விடுமுறை நாளில் வீட்டை விட்டுப் புறப்படுகின்றவர் எங்கே போகிறார், எந்த வாகனத்தில் போகிறார் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் அன்றிலிருந்து எத்தனையோ குடும்பங்களில் வந்தது. அது நல்ல பழக்கம்.

வெளிநாட்டுப் பயணிக்கு என்ன சொல்வது?

2018 ஆம் ஆண்டில் நமது நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் வந்தார்கள். அடுத்த வருடத்துக் குண்டுவெடிப்புகள், கொரோனா, பொருளாதார நெருக்கடி எல்லாம் சேர்ந்து அந்தத் தொழிலை முறித்துப் போட்டன. 2024 ஆம் ஆண்டில் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டினோம். பொத்துவில் அறுகம்பையிலும் வெலிகமயிலும் காலியிலும் கண்டியிலும் நம்மவர்கள் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கெஸ்ட் ஹவுஸ், வான், முச்சக்கர வண்டி, மாணிக்கக் கல், துணி, சாப்பாடு எனப் பல வகை.

வெளிநாட்டவருக்குப் போயா என்றால் என்னவென்று தெரியாது. அவருடைய நாட்டில் விடுமுறைகளில் பெரும்பாலானவை வருடா வருடம் ஒரே திகதியில் வருகின்றன. மாதத்துக்கு ஒரு முறை நிலவைப் பார்த்து வங்கி மூடுவது அவருக்குப் புதினம். ஆனால் ஒரு விடயத்தை நான் நீண்ட காலமாகக் கவனித்து வருகின்றேன். முந்திய நாள் சொல்லப்பட்ட வெளிநாட்டவர் ஒருபோதும் கோபிப்பதில்லை. "அப்படியா, கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாமா?" என்றுதான் கேட்பார். சொல்லப்படாதவர்தான் கோபிப்பார். அந்தக் கோபத்தை ஊருக்குப் போய் எழுதியும் வைப்பார். அவர் எழுதியதை அடுத்து வருகின்ற நூறு பேர் வாசிப்பார்கள்.

ஆகவே அறைக்கு முன்பணம் வாங்கும்போதே, தங்குகின்ற நாட்களில் போயா வருகின்றதா என்று பார்த்து ஒரு வரி எழுதிவிடுங்கள். வங்கி மூடியிருக்கும், மதுபானம் விற்கப்படாது, வீதிகளிலும் விகாரைகளிலும் கூட்டம் இருக்கும், ஆனால் வேறு எந்த நாளிலும் பார்க்கக் கிடைக்காத ஒரு காட்சி கிடைக்கும் என்று எழுதுங்கள். விகாரைக்குப் போவதென்றால் தோளும் முழங்காலும் மறையும் உடை, வெள்ளையாக இருந்தால் நல்லது, பாதணியும் தொப்பியும் வெளியே, புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். இதைச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சுற்றுலாப் பிரதேசங்களில் போயா தினத்தில் தேநீர்க் கேத்தலில் பியரை ஊற்றிக் கோப்பையோடு வைக்கின்ற கெட்டித்தனம் ஒன்று இருப்பதை எல்லோரும் அறிவார்கள். நமக்கு மது எப்போதுமே ஆகாத பண்டம், அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால் "எங்கே கிடைக்கும், வாங்கித் தா" என்று கேட்கின்ற பயணிக்காகப் பின்கதவைத் தேடி ஓடுகின்ற சாரதிமாரும் பணியாட்களும் நம்மவர்களில் இல்லையென்று சொல்ல முடியாது. இருநூறு ரூபா சந்தோஷத்துக்காகச் சட்டத்தில் மாட்டிக்கொள்வது ஒரு பக்கம். அயலவரின் புனித நாளை நாம் மதிக்கவில்லை என்ற பெயர் வருவது மறுபக்கம். முதலாவதைத் தண்டப்பணம் கட்டித் தீர்க்கலாம். இரண்டாவது தீராது. இறைச்சியும் இதே கதைதான். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்பக்கமாகப் பார்சல் கொடுப்பவர், ஒரு கிலோவின் இலாபத்துக்காக ஊரின் பெயரையே பணயம் வைக்கிறார்.

வழியோரக் கடைக்காரரின் நாள்

கண்டி வீதியிலும் அநுராதபுர வீதியிலும் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். போயா தினத்தில் சில் அனுஷ்டிப்பவர்கள் நண்பகலுக்குப் பிறகு திண்பண்டம் உண்பதில்லை. பானம் மாத்திரம் குடிப்பார்கள். விகாரையில் இருப்பவர்களுக்கு அங்கேயே தானம் கிடைத்துவிடும். ஆனால் அவர்களை ஏற்றி வருகின்ற பஸ்களும் வான்களும் காலையில்தான் வழியில் நிற்கும். ஒரு மணிக்குச் சோறு தயாராகும் கடைக்கு அன்றைய வியாபாரத்தில் பாதி போய்விடும். பதினொரு மணிக்கே சோறும் மரக்கறியும் பருப்பும் தயாராக இருக்க வேண்டும். அன்று இறைச்சி சாப்பிடாத பயணிகள் அதிகம். மரக்கறிக்கு வேறு சட்டி, வேறு கரண்டி வைத்து, அதைக் கேட்பவரிடம் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். மாலையில் இஞ்சித் தேநீர், கொத்தமல்லி, பழரசம் போகும்.

வெசாக்கிலும் பொசனிலும் வழிநெடுகத் தன்சல்கள் இருக்கும். சோறு, நூடில்ஸ், ஐஸ்கிறீம், கடலை எல்லாம் இலவசமாகக் கொடுப்பார்கள். சாப்பாட்டு வியாபாரம் அன்று குறையும் என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிப்பதற்கு ஒன்றுமில்லை. பயணிக்குச் சாப்பாடு மட்டும் தேவையில்லை. தண்ணீர்ப் போத்தல், வாகனம் நிறுத்த இடம், பிள்ளைக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணீர், தொலைபேசிக்குச் சார்ஜ், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுத்தமான மலசலகூடம். பெண்களோடும் வயோதிபர்களோடும் பயணம் செய்கின்றவர் எந்தக் கடையில் நிறுத்துவார் என்று நினைக்கிறீர்கள்? கறி ருசியாக இருக்கும் கடையிலா, மலசலகூடம் சுத்தமாக இருக்கும் கடையிலா? வான் சாரதிமாரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

நம்மவர்களும் பல ஊர்களில் வெசாக் தன்சல் கொடுக்கிறார்கள். நல்ல விடயம். கொடுப்பதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிந்துவிட்டு ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். பெனரில் பெயர் பெரிதாகவும் சர்பத் தண்ணியாகவும் இருக்கக் கூடாது. அதைவிட எளிதான ஒரு காரியமும் உண்டு. யாத்திரை வீதியில் இருக்கின்ற பள்ளிவாசல்களும் கடைகளும் அந்த ஒரு நாளைக்கு மலசலகூடத்தையும் தண்ணீரையும் எல்லோருக்கும் திறந்துவிட்டால் அதற்குப் பெனரே தேவையில்லை.

விலை விடயத்திலும் ஒரு சொல். போயா நீண்ட விடுமுறையில் வான் வாடகை ஏறும், அறை வாடகை ஏறும். கேள்வி கூடினால் விலை கூடுவது வியாபாரத்தின் இயல்பு. ஆனால் முதல் வாரம் ஒரு விலை பேசி முன்பணம் வாங்கிவிட்டு, போயாவுக்கு முந்திய நாள் "இப்போது ஆள் கூட, இன்னும் ஐயாயிரம் தாருங்கள்" என்று கேட்பது வியாபாரமல்ல. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வயோதிபத் தாயையும் கூட்டிக்கொண்டு, புறப்படும் நேரத்தில் வான் இல்லாமல் வீதியில் நின்றது. பேசிய வானை உரிமையாளர் கூடக் கொடுத்தவருக்கு அனுப்பிவிட்டார். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு அவரிடம் போகவில்லை. அவர்களின் உறவினர்களும் போகவில்லை. ஒரு நாள் இலாபத்துக்கு ஒரு ஊர் வாடிக்கையைக் கொடுத்தால் கணக்குச் சரிவருமா?

சம்பளமும் சச்சரவும்

கடை திறப்பதாக இருந்தால் ஊழியரின் உரிமையையும் நினைக்க வேண்டும். போயா தினத்தில் கடை, காரியாலய ஊழியரை வேலைக்கு வைத்தால் அன்றைய சம்பளத்தை ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். சிறிய கடைதானே என்று பலர் இதைக் கவனிப்பதில்லை. பௌத்த ஊழியர் விகாரைக்குப் போக வேண்டுமென்று கேட்டால் முகங்கோணாமல் விடுங்கள். நமது பெருநாளன்று அவர் கடையைப் பார்த்துக்கொள்வார். இந்தக் கொடுக்கல் வாங்கல் பல கடைகளில் அழகாக நடக்கின்றது.

கடைசியாக, வீதியில் நடந்துகொள்ளும் முறை. போயா தினத்தில் வீதியில் கூட்டம் அதிகம், உணர்ச்சியும் அதிகம். 2014 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் திகதி பொசன் போயாவன்று தர்கா நகரில் வீதியில் ஏற்பட்ட ஒரு தகராறில் பௌத்த பிக்கு ஒருவர் தாக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. மூன்று நாட்களின் பின்னர் அளுத்கம, பேருவளைப் பகுதிகளில் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. எரித்தவர்களின் குற்றம் எரித்தவர்களுடையதே. ஒரு வீதிச் சச்சரவு அதற்கு நியாயமாகாது. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் முந்திச் செல்வதற்காகவும் ஹோன் அடித்ததற்காகவும் வாகனம் நிறுத்தும் இடத்துக்காகவும் வாய்த்தர்க்கம் செய்கின்ற நமது இளைஞர்களுக்கு, அந்த நாளில் ஒரு நிமிடம் விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைப் பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். பெரஹரா வந்தால் ஓரமாக நிறுத்துங்கள். விகாரைக்கு முன்னால் பாட்டைக் குறையுங்கள். இதில் யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடாது.

வியாபாரிகள் செய்ய வேண்டியது

நாளை காலை கடை திறந்ததும் கலண்டரை எடுத்து வருடத்தின் எல்லாப் போயாக்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். வெள்ளியிலும் திங்களிலும் விழுபவற்றுக்குக் கோடிடுங்கள். மீலாதோடும் நத்தாரோடும் புத்தாண்டோடும் ஒட்டி வருபவற்றுக்கு இரண்டு கோடுகள் இடுங்கள். அந்தத் திகதிகளுக்கு முன்னர் காசோலை எப்போது போடுவது, சரக்கு எப்போது எடுப்பது, லொறி எப்போது அனுப்புவது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் தமது வெளியூர் வாடிக்கையாளர்களுக்குப் போயாவுக்கு மூன்று நாள் முந்தி ஒரு செய்தி அனுப்பட்டும். "புதன்கிழமை போயா, கடை இல்லை. செவ்வாய் பின்னேரத்துக்குள் வாருங்கள், அல்லது பட்டியலை அனுப்புங்கள், வியாழன் காலையில் ஏற்றிவிடுகிறோம்." இவ்வளவுதான். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. பொத்துவிலிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் இரவு முழுவதும் பஸ்ஸில் குலுங்கி வருகின்ற மனிதனுக்கு அந்த ஒரு செய்தி ஒரு நாள் உழைப்பைக் காப்பாற்றும். அடுத்த முறை பக்கத்துக் கடையில் பத்து ரூபா குறைவாக இருந்தாலும் அவர் உங்கள் கடைக்குத்தான் வருவார்.

வெசாக்குக்கு மூன்று வாரத்துக்கு முந்தியே வெள்ளைத் துணியும் கூட்டுக்கான கடதாசியும் மின்குமிழும் வாங்கி அடுக்குகின்ற புறக்கோட்டை வியாபாரிக்குப் போயாவை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விற்பதற்காகக் கலண்டரைப் பார்க்கின்ற நாம், வருகின்றவரின் சிரமத்தைக் குறைப்பதற்காகவும் அதே கலண்டரைப் பார்த்தால் போதும். அடுத்த போயா எந்தக் கிழமையில் வருகின்றது? இதை வாசித்து முடித்த கையோடு ஒரு தடவை சுவரைப் பாருங்கள்.